மேனேஜர் வீட்டுப் பவளம்

"இன்னாங்க, நேத்து பூ மாதிரி விரிஞ்சிகினு இருந்துச்சே, இன்னிக்கு இன்னா இப்படி சுருங்கிக் கெடக்குது?"

மனைவி சம்பூர்ணம் கேட்டதும் வரதன் காபியை அப்படியே வைத்துவிட்டுக் கண்ணாடித் தொட்டியிடம் ஓடினான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் அவன் ஸ்டோர் கீப்பர். மேனேஜர் ஒரு மாத லீவில் போகும்போது, மண்டபம் கடற்கரையிலிருந்து வரவழைத்து ஆசையாய் வளர்த்த உயிருள்ள பவளத்தைக் கண்ணாடித் தொட்டியோடு புதுவாயலில் இவன் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். இருநூறு பேரில் தன்னை நம்பினாரே என்று வரதன் பூரித்துப்போனான். சூப்பர்வைசர் வேலை வேறு காலியாக இருந்தது.

"உப்பு பத்தலியோ இன்னாவோ!" என்றான் வரதன்.

இரண்டு பிடி சமையல் உப்பைப் போட்டான். சாயங்காலத்துக்குள் பவளம் கோழை கோழையாகக் கக்கியது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கடல்தண்ணீர் கொண்டுவர இரண்டு குடத்தோடு பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினான்.

"ஏரியில மழைத்தண்ணி கலந்துகினு இருக்குது நைனா. கடலுக்குள்ள போய்த்தான் மொள்ளணும்" என்றார் படகுக்காரர் துலுக்காணம்.

போனார்கள். வரதன் தின்றிருந்த நாஷ்டா கடலோடு போயிற்று. மொண்டு வந்த இரண்டு குடத்தில் ஒன்று பஸ்ஸில் கவிழ்ந்து, கண்டக்டரின் கால்சட்டையை நனைத்தது. மீதிக் குடத்தில் பாதியைத் தொட்டியில் ஊற்றி, பாதியைச் சமையலறை மூலையில் வைத்தான். சம்பூர்ணம் அதில் உலை வைத்துவிட்டாள். அந்தச் சோற்றை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பவளம் லேசாகத் தலை நிமிர்ந்தது. அன்று அடித்த காற்றில் மரம் விழுந்து கரண்ட் போயிற்று. தொட்டிக்குக் காற்று அனுப்பும் மோட்டார் நின்றது.

"சைக்கிள் பம்ப்ப எடு!"

இரண்டு நாள் கணவனும் மனைவியும் முறை போட்டுக் காற்றடித்தார்கள். வேலைக்கு வராததற்கு ஆபீசிலிருந்து மெமோ வந்தது.

"எனக்குப் பிரசவம் ஆனப்போ ஒரு நாள் லீவு போட்டீங்களா?" என்றாள் சம்பூர்ணம், பம்ப்பை விடாமலே.

வரதன் தன் முறைக்குப் பம்ப்பை வாங்கிக்கொண்டான்.

மாதம் முடிந்தது. வீங்கிய கைகளோடு தொட்டியை மாட்டுவண்டியில் ஏற்றி, குலுங்காமல் பிடித்துக்கொண்டே மேனேஜர் வீட்டு வாசலில் போய் இறங்கினான். உள்ளே பவளம் விரல் விரலாக விரிந்து ஆடிக்கொண்டிருந்தது.

மேனேஜரின் மனைவி குணசுந்தரி கதவைத் திறந்தாள். தொட்டியைப் பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று.

"ஐயய்யோ, இது இன்னும் சாகலியா? என்னைவிட இதத்தானே அவர் கொஞ்சிட்டிருந்தார்! கம்பெனியிலேயே எதையும் உருப்படியாப் பாத்துக்கத் தெரியாத ஆளு நீங்கதான்னு அவர் என்னிக்கோ சொன்னத நெனச்சுத்தானே, அடம்புடிச்சு உங்ககிட்ட குடுக்க வெச்சேன்!"