ஒன்றாம் தேதிக்கு முந்தின சாயங்காலம்

அடுத்தவரைத் திருத்தக் கிளம்புகிற ஆளை வீட்டில் பூட்டிவைப்பது நல்லது. என்னை யாரும் பூட்டவில்லை.

அத்தான் குடியை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. "இன்னொரு தடவை தொட்டா பிள்ளையளக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்துவிடுவாள். நாகர்கோவிலில் பழைய கூட்டாளிகள் வாசலுக்கே வந்து கூப்பிட்டதால், "சனி, ஞாயிறு திருவனந்தபுரத்துல எங்கூட இருக்கட்டும்" என்றேன். (பழைய கட்டடம் என்றால் எனக்குப் பைத்தியம். துணைக்கு யாராவது சிக்கினால் விடமாட்டேன்.)

சாராயத்தைத் தடை செய்தபோது பூட்டிய கடைகளையும், பிறகு மூடிய பார்களையும் அவருக்குக் காட்டுவது என் திட்டம். அவை பாழாய்க் கிடப்பதைப் பார்த்தால் மனசு உறுதிப்படுமாம். போதாததற்கு ஞாயிறு ஒன்றாம் தேதி. கேரளத்தில் ஒன்றாம் தேதி மதுக்கடை கிடையாது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் பழவங்காடி பக்கம் ஆரம்பித்தோம். ஓட்டுக்கூரை, மர அழி வைத்த ஜன்னல், சுண்ணாம்புச் சுவர் என்று நான் விளக்கினேன். அத்தானிடம் வேறு விளக்கம் இருந்தது.

"இங்கதான் மாப்ள, கப்பைக்கிழங்கும் மீன்கறியும். அடடா!"

வாலிபத்தில் இந்த ஊர்ச் சந்தையில் வேலை பார்த்தவர் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூடிய கடை ஒவ்வொன்றும் அவருக்குள் திறந்துகொண்டிருந்தது.

சாயங்காலம், மரப் பால்கனி வைத்த ஒரு கட்டடத்தை முழுசாகப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்துகொண்டே போனேன். நிமிர்ந்தால் அத்தானைக் காணோம். கட்டடத்தின் கீழே மதுக்கடை. மறுநாள் கிடைக்காது என்று ஊரே அங்கே வரிசையில் நின்றது. (ஒன்றாம் தேதிக்கு முந்தின சாயங்காலம் என்று ஒன்று உண்டு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.) நடுவில் அத்தான்.

ஓடினேன். "சேட்டா, கியூ! கியூ!" என்று பல குரல்கள் துரத்தின. கடைசியில் போய் நின்றேன். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, அதற்குள் பின்னாலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அப்போது, மெலிந்துபோயிருந்த அத்தான் கம்பி இடுக்கில் நுழைந்து வெறுங்கையோடு வெளியே போனார். என் தொப்பைக்கு அந்த வசதி இல்லை.

அவருடைய போன் அடித்தது. அக்கா.

"நல்லாருக்கேன். ஒந்தம்பியா? கியூவுல நிக்கான். பிராந்திக் கடையில."

"அக்கா, நம்பாத! நான் குடிக்க வரல!" என்று கம்பிக்குள்ளிருந்து கத்தினேன். எல்லாக் குடிகாரனும் அதைத்தான் சொல்வான்.

கவுண்டர்வரை போய்த்தான் வெளியே வர முடிந்தது. "ஏன் அத்தான் வந்துட்டீங்க?" என்று கேட்டேன்.

"முன்னால நின்னவன் கை நடுங்கிச்சு மாப்ள. என் கை மாதிரியே இருந்துச்சு. பயந்துட்டேன்."

அதன்பிறகு அவர் தொடவே இல்லை. ஆனால் ஈரல் முன்பே கெட்டுப்போயிருந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் போய்விட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என்னைக் கம்பிக்குள் பார்த்த கதையைச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கோபமாக வரும்.

இப்போது அந்தக் கதையை அக்கா சொல்கிறாள். மாதக் கடைசியில் தவறாமல் கூப்பிடுவாள்.

"நாளைக்குக் கடை கிடையாதுலே. வாங்கி வச்சாச்சா?"

"வாங்கியாச்சுக்கா" என்பேன். அவள் சிரித்து முடிக்கும்வரை போனை வைக்கமாட்டேன்.