ப்ளம் ஃபோர்க் வங்கியின் மாபெரும் மூடுவிழா

வங்கியைத் திறப்பது ஒரு சாதனையே அல்ல. ஒரு கட்டடம், ஓர் இரும்புப் பெட்டி, கோட்டு போட்ட ஒரு மனிதர் இருந்தால் எந்த ஊரிலும் திறந்துவிடலாம். வங்கியை மூடுவதற்குத்தான் மேதைமை வேண்டும். நாகரிக உலகம் இதுவரை கண்ட மூடுதல்களிலேயே மிக உன்னதமானது நெப்ராஸ்கா மாநிலத்தில், எங்கள் ப்ளம் ஃபோர்க் ஊரில், சோளத்தை விற்பதைவிட அடுப்பில் எரிப்பது லாபம் என்றிருந்த அந்தப் பஞ்ச காலத்தில் நடந்தது என்று துணிந்து சொல்வேன். சொல்ல எனக்குத் தகுதியும் உண்டு. அந்த வங்கியில் பணம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். மூடிய பிறகும் என் வேலை போகவில்லை. ஜன்னல்தான் போயிற்று.

‘உழவர் நம்பிக்கை வங்கி’ என்று பெயர். உழவர்கள் நம்பிக்கையைப் போட்டார்கள். தலைவர் ஹோரஸ் விட்கோம் அதை எடுத்துக்கொண்டார்.

விட்கோமின் நேர்மைக்கு ஒரே ஒரு சான்று போதும். ஊரின் தானியக் கிடங்கும் அவருடையதுதான். கிடங்குக்குக் கடன் தேவைப்பட்டபோது, கிடங்கு முதலாளி விட்கோம் வங்கித் தலைவர் விட்கோமிடம் முறைப்படி விண்ணப்பித்தார். தலைவர் சலுகை எதுவும் காட்டவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன்னைத்தானே நெடுநேரம் குறுக்கு விசாரணை செய்தார். வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே, “ரொம்பக் கறாரான மனுஷன்ப்பா!” என்றார். கடன் கிடைத்திருந்தது.

பிறகு சோளத்தின் விலை விழுந்தது. அதன் மேல் கிடங்கு விழுந்தது. அதன் மேல் வங்கி விழுந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஊர் கிடந்தது.

இலையுதிர் காலத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் விட்கோம் தம் கையாலேயே கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்: “உங்கள் பணம் முற்றிலும் பத்திரமாக உள்ளது. ஆகவே அதை யாரும் எடுக்க இயலாது.” ஒட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். முன்வாசலில் கூட்டம் இருந்ததால், அவர்களுக்கு இடைஞ்சல் தர வேண்டாம் என்ற நல்லெண்ணம்.

அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக நின்றவள் ஆல்மா ஸ்வோபோடா. கணவனை இழந்தவள். டோரா என்கிற ஒரு பசுவும், பிளம்ஸ் ஜாம் வைத்துச் சுடும் ரொட்டியுந்தான் அவளுடைய பிழைப்பு. குளிர்காலம் வருவதற்குள் கூரையை மாற்ற வேண்டும் என்று பணம் எடுக்க வந்திருந்தாள். என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள்.

“எட்வின்! என் பணம் உள்ள இருக்கா, இல்லையா?”

“இருக்குக்கா. ரொம்பப் பத்திரமா இருக்கு.”

“அப்ப எடுத்துக் குடு.”

“குடுத்துட்டா எப்பிடிக்கா பத்திரமா இருக்கும்?”

ஆல்மா யோசித்துப் பார்த்தாள். என் பதிலில் பிழை எதுவும் கிடைக்கவில்லை. அதனாலேயே குடையால் கண்ணாடியை ஓங்கி ஒரு போடு போட்டாள்.

அடுத்த வாரம், மூடிய வங்கியின் கணக்கைத் தீர்க்க நீதிமன்றம் ஒரு ‘ரிசீவரை’ அனுப்பியது. நல்ல தமிழில் சொன்னால் பெறுநர். பெறுவதுதான் அவர் கடமை. தருவதைப் பற்றி அந்தப் பதவியின் பெயரில் ஒன்றும் இல்லை. அவர் பெயர் தியோடர் பிங்ரீ. மெலிந்த உருவம், பளபளக்கும் காலணி, பெட்டி நிறைய ரப்பர் முத்திரைகள். வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே என்னிடம் கேட்டார்:

“தம்பி, இந்த பேங்குக்கு எதிரிங்க யார் யாரு?”

“எதிரின்னு யாரும் இல்லீங்க சார். பணம் போட்டவங்கதான் இருக்காங்க.”

“அதத்தான் கேட்டேன்” என்றார்.

பணம் போட்டவர்களை ஒருவர் ஒருவராகச் சந்தித்தார். எல்லாரையும் உட்காரச் சொன்னார், நாற்காலி வைக்கவில்லை. ஆல்மாவின் முறை வந்தது.

“உங்க பணம் முந்நூறு டாலர் பேங்குல இருக்கு. வாழ்த்துகள்” என்றார் பிங்ரீ. “ஆனா பசுவை அடமானம் வச்சு அறுபது டாலர் வாங்கியிருக்கீங்க. அத உடனே கட்டணும்.”

“நல்லதாப் போச்சுங்க. முந்நூறுல அறுபதக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுங்க.”

பிங்ரீ அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “அம்மா, வைப்பு ஒரு பிரிவு. கடன் வேற பிரிவு. ரெண்டும் பேசிக்கிறதில்ல.”

“ரெண்டு பிரிவுக்கும் நீங்கதான சார் இருக்கீங்க?”

“அதனாலதாம்மா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கேன்.”

அன்று மதியமே டோரா பறிமுதல் செய்யப்பட்டது. வங்கியின் பின்னால் இருந்த நிலக்கரிக் கொட்டகையில் கட்டி, கழுத்தில் ‘சொத்து’ என்று அட்டை மாட்டினோம். ஆல்மா தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் டோரா கத்தத் தொடங்கியது. முதலில் முனகல், பிறகு அலறல், பிறகு ஊரே கேட்கும் ஒப்பாரி. பிங்ரீ அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் அவரும் நானும்.

“சொத்து சத்தம் போடுது. ஏன்?”

“பால் கறக்கணும் சார். மடி கட்டிக்கிச்சு.”

“கற.”

வங்கிப் பணியில் இருந்தபோது எத்தனையோ பேரைக் கறந்திருக்கிறோம், ஆனால் பசுவை இல்லை. நான் போனேன், டோரா உதைத்தது. பிங்ரீயே மாண்புடன் போனார். டோரா மாண்பைப் பார்க்கவில்லை. சாணத்திலிருந்து எழுந்த பிங்ரீ, நீதிமன்றம் தமக்களித்த அதிகாரத்தின்படி ஒரு புதிய பதவியை உருவாக்குவதாக அங்கேயே அறிவித்தார்: ‘பால்வழிச் சொத்துப் பராமரிப்பு அலுவலர்.’ கூலி நாளுக்கு ஒரு டாலர்.

நான் ஓடிப்போய் ஆல்மாவை அழைத்து வந்தேன். அவள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் டோரா சொந்தக்காரியைக் கண்ட நிம்மதியில் பெருமூச்சு விட்டது.

“இந்தக் கூலிய எப்பத் தருவீங்க? எல்லாம் முடிஞ்ச பொறவா?” என்று கேட்டாள் ஆல்மா, கறந்துகொண்டே.

“சேச்சே! நிர்வாகச் செலவுக்குத்தான் சட்டத்துல முதலிடம். தினம் சாயங்காலம் ரொக்கமா வாங்கிக்கலாம்.”

“எந்தப் பணத்துலேர்ந்து?”

“பேங்குல இருக்கற பணத்துலேர்ந்துதான்.”

ஆல்மாவின் கை நின்றது. “அதாவது, என் பணத்த நான் கேட்டா கெடைக்காது. என் பணத்த எங்கிட்டேர்ந்து காப்பாத்த வேலைக்கு வந்தா கெடைக்கும்?”

“அழகாச் சொன்னீங்க” என்று பிங்ரீ மனம் விட்டுப் பாராட்டினார்.

மறுநாள் காலை வங்கி வாசலில் மறுபடியும் கூட்டம். ஆனால் இந்த முறை யாரும் பணம் கேட்கவில்லை, வேலை கேட்டார்கள். பிங்ரீ நெகிழ்ந்துபோனார். அவருடைய சம்பளமும் நிர்வாகச் செலவில் ஒரு விகிதமாக வைக்கப்பட்டிருந்தது என்பதை இங்கே குறிப்பிடுவது அநாகரிகம். ஆகவே குறிப்பிட்டுவிட்டு நகர்கிறேன். செலவு வளர வளர அவரும் வளர்ந்தார்.

முதலில், கோபக்கார வைப்பாளர்கள் உள்ளே புகாமல் இருக்க இரண்டு காவலர்களை நியமித்தோம். ஊரிலேயே மிகக் கோபக்கார வைப்பாளர்கள் அவர்கள்தான். காவலர்கள் தூங்கிவிடாமல் பார்க்க ஒரு மேற்பார்வையாளர். அவர் தூங்கலாம். முடிதிருத்துபவர் முத்திரை மை அலுவலரானார். கடனுக்கு ஈடாகப் பேண்டு கோஷ்டியின் ஊதுகுழல்களைப் பறிமுதல் செய்தோம். அவை துருப்பிடித்துச் சொத்து மதிப்பு குறையாமலிருக்க, அதே கோஷ்டியை அவற்றை ஊதுவதற்கு நியமித்தோம். தினமும் மதியம் ‘சொத்துப் பராமரிப்பு’ நடக்கும். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் கேட்க வந்தார்கள்.

வேலை போதவில்லை என்றால் பிங்ரீ இன்னும் கொஞ்சம் பறிமுதல் செய்வார். மக்களே வந்து கெஞ்சத் தொடங்கினார்கள்.

“சார், எங்கூட்டுக் கழுதையக் கொஞ்சம் ஜப்தி பண்ணுங்க சார். பெரிய பையன் சும்மா உக்காந்திருக்கான்.”

நாடு முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம். ப்ளம் ஃபோர்க்கில் ஆள் கிடைக்காத திண்டாட்டம்! ஆல்மா தன் கூலியில் கூரையை மாற்றினாள். கறந்த பாலை அலுவலகமே வாங்கிக்கொண்டது. வாங்கிய பாலைப் பதினேழு அலுவலர்களும் காப்பியில் ஊற்றிக் குடித்தார்கள். அந்தச் செலவும் நிர்வாகச் செலவு.

ஒரே ஒருவர்தான் இந்தப் பொற்காலத்தில் சேர மறுத்தார். ஆஸ்கர் லிண்ட்க்விஸ்ட் என்னும் ஸ்வீடன்காரக் கிழவர். வங்கியில் எல்லாரையும்விட அதிகமாகப் போட்டிருந்தவர். நிலத்தின் மேல் கொஞ்சம் கடனும் இருந்தது. ஆல்மாவே அவரிடம் போய்ச் சொன்னாள். நானும் கூட இருந்தேன்.

“பெரியவரே, வீம்பு புடிக்காதீங்க. குதிரை லாடத்த எண்ற வேல காலியா இருக்கு. நெழல்லதான்.”

“ஆல்மா, அது நான் ஒழைச்ச காசு. ஒருக்கா ஒழைச்சுட்டேன். அதே காசுக்கு ரெண்டாந்தரம் என்னால ஒழைக்க முடியாது.”

“எல்லாருந்தான் செய்றோம்.”

“தெரியும். அதான் யாரும் இப்பக் கத்துறதில்ல.”

வைப்புப் பிரிவும் கடன் பிரிவும் பேசிக்கொள்ளாததால் கிழவரின் நிலம் ஏலத்துக்குப் போயிற்று. அவர் பழைய காரின் மேல் மெத்தையைக் கட்டிக்கொண்டு மேற்கே ஆரிகன் பக்கம் மகளைத் தேடிப் போனார். பேண்டு கோஷ்டி அப்போது பராமரிப்பில் இருந்தது. கார் போவதைப் பார்த்ததும் வாசிப்பது தானாக நின்றுவிட்டது. ‘உரிமை கோருவோரில் ஒருவர் குறைந்தார், முன்னேற்றம்’ என்று பிங்ரீ அந்த மாத அறிக்கையில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

எந்தப் பொற்காலமும் தங்கம் தீர்ந்தால் முடிந்துதானே ஆக வேண்டும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றின் வசந்தத்தில் இரும்புப் பெட்டியில் கை விட்டால் அடி தட்டியது. மிச்சமிருந்த சொத்துகளை ஏலம் போட்டுக் கணக்கை முடிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஏலத்தன்று ஊரே வந்திருந்தது. முதலில் டோரா.

“பத்து சென்ட்” என்றாள் ஆல்மா.

பெரிய நிசப்தம். அவளுக்கு மேலே கேட்பதில்லை என்று ஊர் முன்னமேயே பேசி வைத்திருந்தது. பிங்ரீ தவித்தார். “அன்பர்களே, இது பசு! கறக்கிற பசு! நானே ஐந்து டாலருக்கு...” என்று வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் நின்ற காவலர், அவரே நியமித்தவர், அவருடைய தோளில் கையை வைத்தார். அது மிகப் பெரிய கை.

“சாருக்குத் தொண்ட கட்டியிருக்கு. இன்னிக்குப் பேச மாட்டாரு” என்றார்.

பத்து சென்டுக்கு டோரா வீடு திரும்பியது. ஊதுகுழல்கள் ஐந்து சென்டுக்குப் போயின. ஊர் சிரித்துக் கும்மாளமிட்டது. கடைசியாக வங்கிக் கட்டடம் ஏலத்துக்கு வந்தது.

“நூறு டாலர்” என்றது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினோம். புதுத் தொப்பியுடன் ஹோரஸ் விட்கோம் நின்றார். போட்டியாக யாராவது கேட்டிருக்க வேண்டும். ஆனால் நூற்றுக்கு மேல் கேட்க ஊரில் யாரிடம் நூறு இருந்தது? மறுபடியும் அதே பெரிய நிசப்தம். இந்த முறை யாரும் பேசி வைக்கவில்லை. பணம் ஏது என்று சிலர் முணுமுணுத்தார்கள். மனைவி பெயரில், இன்னொரு ஊரில், நல்ல வங்கி ஒன்றில் அவர் போட்டு வைத்திருந்தாராம். தம் வங்கியில் போடாததற்குக் காரணம் கேட்டபோது, “அங்க கடன் குடுக்கற ஆள் சரியில்ல” என்றாராம். அவரைவிட அதை அறிந்தவர் யார்?

பிங்ரீயின் இறுதி அறிக்கையை நீதிபதி வெகுவாகப் பாராட்டினார். ஒரு காசும் தவறாமல் எல்லாச் செலவுக்கும் கணக்கு இருந்தது. வைப்பாளர்களின் பங்குத்தொகையாக ஆளுக்கு இரண்டு சென்ட் தேறியது. அதைத் தபாலில் அனுப்ப மூன்று சென்ட் ஆகும் என்பதால், ஆளுக்கு ஒரு சென்ட் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகும்படி அறிவித்தோம்.

கோடையில் அதே கட்டடத்தில் புதிய வங்கி திறக்கப்பட்டது. தலைவர் விட்கோம். ஆலோசகர் பிங்ரீ. ஜன்னலில் நான். வாசலில் எலுமிச்சைச் சாறும் கேக்கும் கொடுத்தார்கள். இவ்வளவு அடிபட்டும் மனம் தளராமல் மீண்டும் நம்பிக்கையைப் பெறுவதற்கு முன்வந்த விட்கோமை வாழ்த்தி நானே ஒரு பக்க உரை வாசித்தேன். அவர் ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொண்டே ஆல்மாவிடம் வந்தார்.

“வாங்கம்மா, வாங்க! பழசையெல்லாம் மறந்துருவோம். ஒரு கணக்கு ஆரம்பிச்சுக்கிறீங்களா?”

ஆல்மா கேக்கை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள்.

“கணக்கெல்லாம் வேண்டாங்க. அடுத்த தடவ மூடுறப்போ வேலை ஏதாவது இருந்தா சொல்லி அனுப்புங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விட்கோமும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்து, அவள் பெயரைக் குறித்துக்கொண்டார்.