மாப்பிள்ளை வாங்கக் கூடாத கார்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் இங்கே சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்கான காரணம் கடிதத்தின் பிற்பகுதியில் வருகிறது. அங்கே நீங்களும் என் மகளும் சுகமாகவும், இக்கடிதம் வந்து சேரும் நேரத்தில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீங்கள் போன் செய்து, "மாமா, நாள் பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டு மேலயும் கீழயுமாவே போய்ட்டு வர்றேன். ஒரு தடவையாவது நேரா, வேகமா போகணும்னு ஆசையா இருக்கு" என்று சொல்லி, கதவு இரண்டு, இருக்கை இரண்டு, மடக்குகிற கூரை ஒன்று கொண்ட அந்த மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிச் சொன்னீர்கள். நீங்கள் வைத்த அரை மணி நேரத்தில் அதே போனில் என் மகள். "அப்பா, அந்தக் கார் மாசத்துல பாதி நாள் ஒர்க்‌ஷாப்லதான் நிக்குமாம். மீதி நாள் நான் பின்னால நின்னு தள்ளணும். எக்ஸ்ரே ரூம்ல எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து இதையும் தள்ளணுமா? நீங்க சொன்னாதான் அவர் கேப்பாரு. வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள். மறுநாள் மறுபடி நீங்கள். "மாமா, நீங்க முப்பத்தோரு வருஷம் புகார்ப் பிரிவுல இருந்தவரு. அந்தக் கார் வச்சிருக்கறவங்க நெட்ல எழுதின புகாரெல்லாம் இருக்கு. படிச்சுப் பாருங்க. நீங்க வேண்டாம்னு சொன்னா நான் வாங்கல" என்று வாக்குக் கொடுத்தீர்கள்.

குடிநீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடத்தில் என்னிடம் ஒருவரும் ஒரு யோசனையும் கேட்டதில்லை. உங்கள் அத்தைகூட "டீயா, காப்பியா?" என்றுதான் கேட்பாள், அதற்கும் என் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். ஆகையால் நீங்கள் கேட்டது எனக்கு மேலிடத்து உத்தரவு மாதிரி. என் மகள் படித்த மேஜையைத் துடைத்து, கம்ப்யூட்டரை வைத்து, கோடு போட்ட நோட்டு ஒன்றும் நாலு நிறத்தில் பேனாவும் எடுத்துக்கொண்டு, காலை ஒன்பதரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "வீட்டுக்குள்ள எதுக்கு இந்த வேஷம்?" என்றாள் உங்கள் அத்தை. "காரோட சொந்தக்காரங்க குறை சொல்லியிருக்காங்க, அதைப் படிக்கணும்" என்றேன். "காருக்குமா சொந்தக்காரங்க வந்து குறை சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு புகார்கள். எங்கள் பிரிவில் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். நிஜமாகவே குழாயில் தண்ணீர் வராதவன் 'தண்ணீர் வரவில்லை' என்று ஒரு வரிதான் எழுதுவான், ஏனென்றால் அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாலு பக்கம் எழுதுகிறவன் வீட்டில் தண்ணீர் நன்றாக வரும். அவனுக்குத் தகராறு மாடி வீட்டுக்காரரோடு. அதே அளவுகோலை இங்கேயும் வைத்தேன். எஞ்சின் சத்தம் தாங்கவில்லை என்று நாற்பத்தொரு பேர், எஞ்சினில் சத்தமே இல்லை, இதற்கா இவ்வளவு கொடுத்தோம் என்று முப்பத்தெட்டு பேர். எஞ்சின் ஒன்றேதான் மாப்பிள்ளை, காதுதான் வேறு. ஒருவர் டிக்கியில் இடம் போதவில்லை என்று போட்டோவோடு எழுதியிருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தால் மனுஷர் அதில் ஒரு கட்டிலை ஏற்றப் பார்த்திருக்கிறார். இன்னொருவர், கார் வாங்கிய நாளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் தன்னோடு பேசுவதில்லை என்று கம்பெனியைக் குற்றம் சொல்கிறார். மழை பெய்தால் கூரை ஒழுகி இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் மனைவி மட்டும் நனைகிறாள் என்று ஒருவர் புலம்ப, அதன் கீழே வேறொருவர், "எனக்கு வலது பக்கம் ஒழுகுது. வண்டிய மாத்திக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். இவற்றையெல்லாம் பச்சைப் பேனாவால் கழித்தேன்.

ஆனால் ஐம்பத்தேழு பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: காலையில் வண்டி எடுத்தால் இரண்டாவது கியர் விழுவதில்லை. அதுவும் எல்லோருக்கும் நாற்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு. இதைப் படித்ததும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. ஒரே தெருவில் பத்து வீட்டிலிருந்து ஒரே வரிப் புகார் வந்தால், அங்கே பூமிக்கடியில் குழாய் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். இதைச் சிவப்புப் பேனாவால் எழுதி இரண்டு கோடு போட்டேன். அப்போதுதான் இன்னொரு நினைப்பும் வந்தது. 'தண்ணீர் ஒழுங்காக வருகிறது, நன்றி' என்று முப்பத்தோரு வருடத்தில் ஒரு கார்டுகூட வந்ததில்லை. அதற்காக ஊரில் யாருக்குமே தண்ணீர் வரவில்லை என்று ஆகிவிடுமா? மொத்தம் எத்தனை கார் விற்றிருக்கிறது என்று தெரியாமல் ஐம்பத்தேழை வைத்து என்ன செய்வது? ஷோரூமுக்குப் போன் போட்டு, "இதுவரைக்கும் எத்தனை வண்டி வித்திருக்கீங்க?" என்று கேட்டேன். "நீங்க எத்தனை வாங்கப் போறீங்க சார்?" என்றான் அந்தப் பையன். "ஒண்ணும் வாங்கல. வாங்க வேண்டாம்னு ஒருத்தர்கிட்ட சொல்லணும், அதுக்காக" என்றேன். வைத்துவிட்டான். மூன்றாம் முறை குரலை மாற்றிக் கேட்டதில் பதினோராயிரம் என்று தெரிந்தது, அதாவது சுமார் இருநூறு வண்டிக்கு ஒரு கியர்ப் புகார்.

இதோடு நிறுத்தியிருந்தால் என் முழங்கால் பிழைத்திருக்கும். பழக்கதோஷம், கை சும்மா இருக்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், ஒருவருக்கும் பதில் போகவில்லை என்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒவ்வொன்றின் கீழேயும், 'தங்கள் புகார் கிடைக்கப் பெற்றோம். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உரிய கவனம் செலுத்தப்படும்' என்று தட்டி, பெயர் கேட்ட இடத்தில் 'புகார்ப் பிரிவு' என்றும், போன் நம்பர் கேட்ட இடத்தில் என் நம்பரையும் போட்டேன். நான் பொய் சொல்லவில்லை, மனதளவில் நான் இன்னும் புகார்ப் பிரிவுதான். அவர்கள் என்னைக் கார் கம்பெனி என்று எடுத்துக்கொண்டதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? இரண்டே நாளில் தொண்ணூறு நன்றிக் கடிதங்கள். "ஆறு வருஷத்துல முதல் பதில் சார், கண்ணு கலங்கிடுச்சு" என்கிறார் ஒருவர். என் பதில் வந்த மறுநாளிலிருந்து இரண்டாவது கியர் சுலபமாக விழுகிறது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். நன்றி என்று எனக்கு வந்த முதல் கடிதங்கள் இவை. உங்கள் அத்தையிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "சம்பளம் குடுத்தப்ப இவ்வளவு சுறுசுறுப்பு இல்லையே" என்றாள்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்தே ஒரு மேலாளர் கூப்பிட்டுவிட்டார். "ஐயா, யார் நீங்க? எங்க ஆபீஸ்ல புகார்ப் பிரிவுன்னு ஒண்ணே கிடையாதே!" என்றார். மன்னிப்புக் கேட்டு, இனி எழுத மாட்டேன் என்று சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அந்த மூணு வரிய மட்டும் எனக்கு அனுப்பி வைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

இதற்கிடையில் 'நொந்தவன்' என்ற பெயரில் எழுதுகிறவர் என்னைத் தேடிப் பிடித்தார். இருபத்தாறு புகார் எழுதியவர், அந்த இணையப் பக்கத்திலேயே அவருக்குத்தான் முதலிடம். விசாரித்தால் நம் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். 'புகார்ப் பிரிவு நேரில் வந்து ஆய்வு செய்யுமா?' என்று கேட்டிருந்தார். ஆய்வு என்ற சொல்லைக் கேட்டபின் நான் எப்படி வீட்டில் இருப்பேன்? நான் கம்பெனி ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, ஞாயிறு காலை உங்கள் அத்தையையும் அழைத்துக்கொண்டு போனேன்.

கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல அவர் காரின் உறையை விலக்கினார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள். "இந்தக் கதவு இருக்கே, மழை வந்தா முனகும். இந்தக் கண்ணாடி பாதியில நின்னுட்டு யோசிக்கும். ரெண்டாவது கியர் காலைல என்னோட பேசாது, பத்து நிமிஷம் கெஞ்சணும்." சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்கிறது. "இவ்வளவு குறை இருக்கே, வித்துட்டு வேற வாங்கலாமே?" என்று கேட்டேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல் பார்த்தார். "விக்கறதா? எதுக்கு? ஒன்பது வருஷம், ஒண்ணே கால் லட்சம் கிலோமீட்டர். ஒரு நாள்கூட நடுரோட்டில நின்னதில்ல." "அப்ப எதுக்குங்க இருபத்தாறு புகார்?" "அதைப் பத்திப் பேசறதுக்கு வேற யார் இருக்காங்க?" என்றார். என் நோட்டில் இதை எந்த நிறப் பேனாவால் எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்தேன்.

ஏறி உட்காருங்கள் என்றார். ஏறுவது என்ற சொல்லே அந்தக் காருக்குப் பொருந்தாது. தரையில் உட்காருவதுபோல உட்கார வேண்டும், அதன் பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்க வேண்டும். தெருமுனை திரும்பும் வரை மரியாதையாகப் போனார். பிறகு என்ன செய்தாரோ, என் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது, மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது, நான் 'உரிய கவனம்! உரிய கவனம்!' என்று கத்தியதாக அவர் சொல்கிறார். திரும்பி வந்தபின் இறங்க முடியவில்லை. அவர் இரண்டு கையையும் பிடித்து இழுக்க, உங்கள் அத்தை மறுபக்கத்திலிருந்து தள்ள, முழங்காலில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. காரிலிருந்து வந்த சத்தம் என்றுதான் கடைக்காரர் முதலில் பதறினார்.

நம் வீட்டில் கார் ஓட்டுவது உங்கள் அத்தைதான், எனக்கு லைசென்ஸ்கூடக் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. "நான் ஒரு ரவுண்ட் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். பத்து நிமிடம் என்று போனவர்கள் நாற்பது நிமிடம் கழித்து வந்தார்கள். கடைக்காரர் முகம் வெளுத்து, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். உங்கள் அத்தை தலைமுடி கலைந்து வந்தவள், வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் முடிவு. புகார்களில் முக்கால்வாசி காரைப் பற்றியவை அல்ல, மனிதர்களைப் பற்றியவை என்பது உண்மை. நம்பி ஏறினால் நடுவழியில் விடாது என்பதும் உண்மை. ஆனால் அந்த இரண்டாவது கியர் பொய்யில்லை. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஆனதும் ஐம்பத்தெட்டாவது புகாரை நீங்கள்தான் எழுதுவீர்கள். கூரை எந்தப் பக்கம் ஒழுகும் என்பது அதிர்ஷ்டம். அது என் மகள் பக்கமாக இருந்தால், பிறகு அவள் எனக்கு எழுதும் புகாருக்கு என்னிடம் மூன்று வரிப் பதில் போதாது. ஆகையால் மாப்பிள்ளை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கார் வேண்டாம். ஆசைப்பட்டதை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்று வாரமும் தினம் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கொடுத்தவர் நீங்கள். அதற்காகவாவது உங்களிடம் நிஜத்தைச் சொல்ல வேண்டும் என்று பட்டது.

வேளைக்குச் சாப்பிடுங்கள், லிஃப்டின் மேல் ஏறி நிற்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் மகளிடம், அப்பா அவள் கேட்டபடியே செய்துவிட்டார் என்று தெரிவிக்கவும். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், நூறு வருஷம் சேர்ந்திருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் மகளின் போன். "அப்பா, லெட்டர் போட்டுட்டீங்களா? போடாதீங்க! அம்மா அன்னிக்கு ராத்திரியே எல்லாம் சொன்னாங்க. வாழ்க்கையில இப்படி ஒரு வண்டிய ஓட்டினதே இல்லன்னு ஒரு மணி நேரம் பேசினாங்க. நான் நேத்து லீவு போட்டுட்டு ஷோரூம் போய் ஓட்டிப் பார்த்தேன்ப்பா. மஞ்சள்லயே புக் பண்ணிட்டேன். அவருக்குத் தெரியாது." "அப்ப நீயே அவர்கிட்ட சொல்லிடேன்மா" என்றேன். "ஒரு மாசம் சண்டை போட்டுட்டு இப்ப நானே போய் வாங்கலாம்னு சொன்னா எனக்கு என்ன மரியாதை? நீங்க ஆராய்ச்சி பண்ணிச் சொன்னதா இருக்கட்டும்" என்கிறாள். அவள் சொன்னதை நான் உங்களிடம் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். எழுதி முடித்த கடிதத்தைக் கிழிக்கும் வழக்கம் எங்கள் பிரிவில் கிடையாது, திருத்தம்தான் வெளியிடுவோம். ஆகவே மேலே 'வேண்டாம்' என்று உள்ள இடத்தில் 'வேண்டும்' என்றும், 'மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்' என்பதை 'ஷோரூமுக்குப் போங்கள்' என்றும் திருத்தி வாசித்துக்கொள்ளவும். கையெழுத்தில் மாற்றமில்லை.