பூட்டு அத்தானுக்கு, பிளக் மச்சினனுக்கு

புது வீட்டுக்கு ஒரு ரிமோட் ஸிஸ்டம் பார்த்து வாங்கணும். அவ்வளவுதான் வேலை. லைட்டு, ஃபேன், வாசக்கதவு எல்லாத்தையும் போன்லயே போடலாம், அமத்தலாம்னு சொல்லுதாங்கல்லா, அதுதான்.

எனக்குத் தாராவியில பேக் தைக்கிற பட்டறை. இருபது வருஷமா பட்டறைக்கு மேல ஒத்த ரூம்லதான் குடித்தனம். படுத்துக்கிட்டே கையை நீட்டினா லைட்டு சுவிட்ச், காலை நீட்டினா ஃபேன் சுவிட்ச். உலகத்துலயே முதல் ஸ்மார்ட் ஹோம் எங்களோடதுதான். அப்ப எனக்குத் தெரியல.

இப்பதான் செம்பூர்ல ஒரு ஃப்ளாட் அமைஞ்சுது. என் வீட்டுக்காரி செல்வி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"கட்டில் காலுக்குப் பக்கத்துல அடுப்பு வச்சே என் பாதி வயசு போச்சு. எனக்குன்னு ஒரு அடுப்படி. நல்ல நேரத்துல பால் பொங்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

மத்ததெல்லாம் என் இஷ்டம்! இப்படி ஒரு அதிகாரம் கைக்கு வந்தா நான் சும்மா இருப்பனா?

ஸிஸ்டம் வாங்கப் போறேன்னு வாய்விட்டுச் சொன்னேன் பாருங்க, அங்க ஆரம்பிச்சுது. அன்னைக்கே சான்பாடா அத்தான் போன் போட்டாரு. எங்க அக்கா வீட்டுக்காரர்.

"மாப்ளே, நான் ஏஜென்சி எடுத்து உக்காந்திருக்கேன். நீ வெளிய போய் வாங்குவியோ?"

ஏஜென்சின்னா வேற ஒண்ணுமில்ல. ஒரு டெமோ பெட்டி, ஒரு கட்டு விசிட்டிங் கார்டு.

போனை வைக்கல, அம்பர்நாத்துல இருந்து அடுத்த போன். செல்வியோட தம்பி கணேஷ். ஃபேக்டரியில எலெக்ட்ரீஷியன்.

"அத்தான், எங்க அக்கா வீட்டுக்கு நான் போடாம எவன் போடுவான்?"

அவன் சொல்றது வேற கம்பெனி.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் பெட்டியைத் தூக்கிட்டுப் பட்டறைக்கே வந்துட்டாங்க. அத்தானோடது வாயால சொன்னா கேக்கும். குனிஞ்சு, கொஞ்சி, "லைட் ஆன் ப்ளீஸ்"னாரு. எங்க அக்காகிட்ட அவர் அவ்வளவு மரியாதையா பேசி நான் பார்த்ததே இல்ல.

கணேஷ் சிரிச்சான். "எங்களோடதுக்குச் சொல்லவே வேண்டாம் அண்ணாச்சி, தானா யோசிக்கும். வீட்டுல பத்து நிமிஷம் ஆள் நடமாட்டம் இல்லைன்னா பிளக்கு பூராவும் அமத்திரும். காலையில ஏழரை ஆச்சுன்னா தானா போட்டுரும்."

"யோசிக்கத்தான் வீட்டுல ஆள் இருக்கே தம்பி."

"ஆள் இருந்தா உங்க பெட்டி எதுக்கு அண்ணாச்சி?"

நடுவுல நான். அத்தானோடதை வேண்டாம்னா அக்கா என்கூடப் பேசமாட்டா. மச்சினனோடதை வேண்டாம்னா செல்வி பேசுவா. ரெண்டாவதுதான் பயம்.

"ரெண்டையும் ஒண்ணா சேர்க்க முடியாதா?"ன்னு கேட்டேன்.

"முடியவே முடியாது!" அன்னைக்கு ரெண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்துலதான்.

உடனே நான் நாட்டாமை ஆயிட்டேன். வாசப்பூட்டும் ஹால் லைட்டும் அத்தானுக்கு. அடுப்படி, பெட்ரூம், வீட்டுல உள்ள பிளக் மொத்தமும் மச்சினனுக்கு. சொத்துப் பிரிச்ச மாதிரி பிரிச்சு விட்டாச்சு. ரெண்டு பேரும் சந்தோஷமா டீ குடிச்சுட்டுப் போனாங்க. அடடா, என்ன மூளை எனக்கு! அன்னைக்கு நிம்மதியா தூங்கினேன்.

மாட்டி முடிச்சதும் சுவிட்ச் ஒவ்வொண்ணு மேலயும் டேப்பை ஒட்டிட்டாங்க. "கையால தொடாத மாப்ளே, ஸிஸ்டம் கொழம்பிரும்." ஹாலுக்கு ஒரு ஆப், மத்த ரூமுக்கு ஒரு ஆப். ஒரு தடவை பாத்ரூம் லைட்டு போடப் போனேன். அப்டேட் பண்ணுன்னு கேட்டுச்சு. இருட்டுலயே போன வேலையை முடிச்சுட்டு வந்தேன்.

பால் காய்ச்ச நாள் குறிச்சது திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் தொடங்குது. அதுக்குள்ள பொங்கிரணும்.

ஆறரைக்கெல்லாம் எல்லாரும் ஆஜர். பூட்டோட வந்த ரெண்டு சாவியையும் செல்வி சாமி படத்துக்கு முன்னாடி வச்சுக் குங்குமம் இட்டா. புதுச் சாவியைச் சாமிகிட்ட வச்சுத்தானே எடுக்கணும். அப்படியே என் கையில இருந்த போனையும் பிடுங்கினா.

"இன்னைக்கு ஒரு நாளாவது இதைக் கீழ வைங்க."

சாவிக்குப் பக்கத்துல வச்சா. போனுக்கும் ஒரு பொட்டு!

அக்கா குரல் கொடுத்தா. "எல்லாரும் வெளிய வாங்க. கதவைச் சாத்தித் திறந்து வலது கால் வச்சுப் போறதுதான் முறை."

காரிடார்ல நின்னோம். செல்வி கையில பால் பாத்திரம், அக்கா கையில விளக்கு, கணேஷ் கையில அரிசி, உப்பு, மஞ்சள். அத்தான் வீடியோ எடுக்காரு. கதவை நானே இழுத்துச் சாத்தினேன். டக்குன்னு பூட்டிக்கிச்சு. என்ன சுத்தமான சத்தம்!

காத்துல விளக்கு அமந்துச்சு. ஏத்தினோம். திரும்ப அமந்துச்சு. அத்தான் வீடியோ சரியா விழலன்னு இன்னொரு தடவை நிக்கச் சொன்னாரு. பத்து நிமிஷம் ஓடிப்போச்சு.

"திறங்க"ன்னா செல்வி.

இடுப்பைத் தடவினேன். கட்டியிருக்கிறது பட்டு வேட்டி. போன் சாமிகிட்ட. சாவியும் சாமிகிட்ட.

அத்தான் சிரிச்சாரு. "என் போன்லயும் இருக்குல்லா, இதுக்குப் போய்!" அமுக்கினாரு. சுத்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு. கடைசியில 'பூட்டு ஆஃப்லைன்'னு வந்துச்சு.

"வைஃபை எங்க மாப்ளே?"

வைஃபை பிளக்குல இருக்கு. பிளக்கு மச்சினனுக்கு ஒதுக்கினது. வீட்டுல பத்து நிமிஷமா ஆள் நடமாட்டம் இல்லையேன்னு அது யோசிச்சிருக்கு. யோசிச்சு, கரண்டை மிச்சம் பிடிச்சிருச்சு.

"ஏ தம்பி, போடுல அதை!"

கணேஷ் முகம் செத்துப்போச்சு. "போடலாம் அண்ணாச்சி. ஆனா அதைப் போடவும் வைஃபை வேணும்."

அவ்வளவுதான், காரிடார்ல சண்டை ஆரம்பிச்சுது. "பூட்டுன்னா சாவியில திறக்கணும்!" "சாவியை உள்ள வச்சது யாருல?" "உங்க மாப்ளதான்!" வச்சது செல்வி. ஆனா எப்படிச் சுத்தினாலும் என்கிட்ட வந்து நிக்குது.

நான் கீழ ஓடி வாட்ச்மேனைக் கேட்டேன். சாவி பண்றவன் பத்து மணிக்கு மேலதான் உள்ள வரலாம், ஸொஸைட்டி ரூல்னான். கதவை உடைச்சா? அதுக்கு கமிட்டிக்கு லெட்டர் எழுதணுமாம்.

மூச்சு வாங்க மேல வந்தேன். மணி ஏழு அஞ்சு. அக்கா ஆரம்பிச்சுட்டா. "அப்பவே சொன்னேன், தாராவி வீட்டுல மாதிரி ஒரு தாப்பாவைப் போட்டா போதும்னு."

செல்வியைப் பார்த்தேன். பால் பாத்திரத்தை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்கா, கண்ணு நிறைஞ்சு நிக்குது. இருபது வருஷத்துல கேட்டது ஒரே ஒரு அடுப்படி. அதையும் உள்ள வச்சுப் பூட்டிட்டேனே பாவி!

சத்தம் கேட்டு எதிர் வீட்டு மராட்டிக்கார அம்மா வந்தாங்க. எல்லாரும் காகூன்னு கூப்பிடுவோம். விஷயத்தைக் கேட்டதும், "அரே, மேரே கிச்சன் மே உபாலோ நா!"ன்னாங்க. அவங்க அடுப்படியிலயே காய்ச்சிக்கச் சொல்றாங்க.

செல்வி கண்ணைத் துடைச்சா. "வேண்டாம் காகூ. அடுப்பை மட்டும் குடுங்க." என்னைப் பார்த்துத் திரும்பினா. "வாசப்படியும் நம்ம வீடுதானே? இல்ல, ரிஜிஸ்டர் பண்ணும்போது அதை விட்டுட்டியளா?"

காகூ சின்ன கேஸ் அடுப்பைத் தூக்கிட்டு வந்தாங்க. வாசப்படிக்கு முன்னால கோலத்து மேலயே வச்சோம். பூட்டின கதவுக்குச் சந்தனம் வச்சா செல்வி. அத்தான், மச்சினன்னு ரெண்டு ஸிஸ்டமும் காத்தை மறைச்சுக்கிட்டுப் பக்கத்துக்கு ஒண்ணா குத்தவச்சு உக்காந்துச்சு. அன்னைக்கு அதுங்க ஒழுங்கா செஞ்ச ஒரே வேலை.

ஏழு இருபத்தாறு. பால் பொங்கிச்சு! சும்மா இல்ல, குபுகுபுன்னு. அக்கா குலவை போட்டா, காகூவும் கூடச் சேர்ந்து கை தட்டினாங்க. செல்வி சிரிச்சா. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அக்கா மட்டும் குனிஞ்சு உத்துப் பார்த்தா. "கெழக்கேதான் பொங்கியிருக்கு. நல்ல தெசைதான். ஆனா ஏல, அது எதிர் வீட்டுக்குள்ளல்லா போவுது!"

போயிருச்சு. தரை அந்தப் பக்கம் சரிவு போல. காகூ வீட்டு வாசப்படியைத் தாண்டி நேரா உள்ள போயிருச்சு.

ஏழரை ஆச்சு. உள்ள 'டிங்'னு சத்தம். பிளக்கெல்லாம் முழிச்சுக்கிச்சு. விடாம அமுக்கிட்டிருந்த அத்தானோட போன் பீப்புன்னு கத்துச்சு. கதவு தன்னால திறந்துச்சு.

"பார்த்தியா மாப்ளே, என் பூட்டு!"ன்னாரு அத்தான்.

"பார்த்தியளா அத்தான், கரெக்ட் டைம்!"னு என்னைப் பார்த்துச் சொன்னான் கணேஷ்.

ராகு காலத்துல எவன் வலது கால் வைப்பான்? திறந்த கதவுக்கு முன்னாடி ஒன்பது மணி வரைக்கும் காவல் உக்காந்திருந்தோம்.

அடுத்த வாரமே காகூ பொண்ணுக்கு, வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டிருந்த பேங்க் வேலை வந்துருச்சு. பேடா குடுக்க வந்தாங்க. செல்வி ஒண்ணை எடுத்து வாயில போட்டுட்டு என்னையே பார்த்தா.

எங்க வீட்டுக்கு வந்தது ரெண்டு ஆப்புக்கும் அப்டேட்.