முனிகிருஷ்ணன் ஒப்புக்கொண்ட பாட்டு

தன்னுடைய சாவுக்கான பாட்டை மூன்றாவது முறையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முனிகிருஷ்ணன் கஞ்சி கேட்டார்.

"இன்னா கொறைன்னு சொல்லுங்க நைனா," என்றான் கோவர்த்தனன். அவன் மடியில் லேப்டாப் சூடேறிக் கிடந்தது. கண்கள் சிவந்திருந்தன.

முனிகிருஷ்ணன் கட்டிலில் படுத்தபடியே மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சுலபமா வந்துச்சா?"

"எங்க நைனா. நாலு நாளா இஸ்துகினே போச்சு."

"தெரியுது. வேற போடு."

திருப்பதி ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கூட்டிப் போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆயுசெல்லாம் நகரியில் பவர்லூம் ஷெட்டில் நின்றவர். நெஞ்சு முழுக்கப் பஞ்சு. ஆனால் அவர் ஆசைப்பட்டது இட்லியோ ஆட்டுக்கால் சூப்போ இல்லை. திருப்பதியில் இருந்த மகனை வரவழைத்தார். அதையும் நேராகச் செய்யவில்லை, பக்கத்துத் தறியில் நின்ற பழைய சிநேகிதர் துலுக்காணத்தைப் பேசச் சொன்னார். செல்போனைக் கையால் தொடமாட்டார் மனிதர். "ஆளு மூஞ்சி தெரியாம பேசறதெல்லாம் ஒரு பேச்சா?" என்பது அவர் கட்சி.

மகன் வந்ததும் விஷயத்தைச் சொன்னார். "உன் பாட்டு இல்லாம திருப்பதியில ஒரு ஊர்வலம் நகர்றதில்லையாமே, துலுக்காணம் சொன்னான். நான் போறப்போ எனக்குன்னு தனியா ஒண்ணு போடு. ஆனா நான் பாத்து சரின்னாத்தான் வண்டியில ஏத்தணும்."

அலிபிரி பக்கத்தில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில் வேலை கோவர்த்தனனுக்கு. பிள்ளையார் ஊர்வலம், ஜாத்திரை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் லேப்டாப்பிலேயே பீட் போட்டுக் கொடுப்பான். டிராக்டரில் அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள் அதிர, ஊரே ஆடும். நைனா மட்டும் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு முறை எல்லாப் பாட்டையும் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் அதற்குக் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கேட்கவே இல்லை. அந்த வலி இன்னும் ஆறவில்லை. கண்ணை மூடுவதற்குள் இவர் வாயிலிருந்து ஒரே ஒரு 'நல்லா இருக்குது' வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

நான்காவது பாட்டில் வேகத்தைக் குறைத்தான். அடியில் ஆழமாக ஒரு இரைச்சல், மேலே ஷெனாய் மாதிரி ஒரு குரல். கூடவே கொண்டுவந்திருந்த ஸ்பீக்கர் பெட்டியில் போட்டுவிட்ட கொஞ்ச நேரத்தில் சமையலறையில் அவன் அக்கா சுலோசனா கரண்டியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். நைனாவைப் பார்த்துக்கொள்ள வரதய்யபாளையத்திலிருந்து வந்தவள். வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தாள் பாவம்.

அழுகையும் கேட்டு, பின்னணி இசையும் கேட்ட பக்கத்து வீட்டு மணியம்மா வேறு எதை நினைப்பாள்? தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் தெருவே வந்தது. ஷெட்டு முதலாளி மாலை அனுப்பினார். ஏர்பேட்டிலிருந்து தாய்மாமன் வேதாச்சலம் குடும்பத்தோடு பஸ் பிடித்து வந்து இறங்கினார்.

முனிகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மாலையைப் பார்த்து, "யாருக்கு?" என்றார்.

சுலோசனா அதை வாங்கி, செத்துப்போன அம்மாவின் படத்துக்குப் போட்டாள்.

"பாட்டு எப்படி நைனா?" என்றான் கோவர்த்தனன், அந்தக் கூட்டத்திலும்.

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். "உனக்கே பயமா கீது. வேற போடு."

வந்த கூட்டம் கலைந்தது; வேதாச்சலம் மட்டும் கலையவில்லை. "போயிட்டுத் திரும்ப வரணும்னா அலைச்சல். இருந்து முடிச்சுட்டே போறோம்," என்றார். அவர் மனைவி பாயை விரித்தாள். இனிமேல் பெட்டியில் போட்டால் ஊர் கூடிவிடும் என்று கோவர்த்தனன் ஒரு யோசனை செய்தான். லேப்டாப்பில் ஒரு பிரிப்பான் மாட்டி, அதிலிருந்து இரண்டு ஹெட்போன். ஒன்று அவன் காதில், ஒன்று நைனா காதில். "மண்டைய இறுக்குது," என்று முணுமுணுத்தாலும் அவர் மாட்டிக்கொண்டார்.

சத்தம் வெளியே போகாமல் நின்றதும் சண்டை உள்ளே வந்தது. என்ன நடக்கிறது என்று தெரியாமல் வேதாச்சலத்தால் இருக்க முடியவில்லை. ஹெட்போனை வாங்கிக் கேட்டார்.

"இதுல வார்த்தையே இல்லியேப்பா. தூக்கறவங்கள்ல பாதிப்பேரு தெலுங்கு. அவங்களுக்கு அழுகை வர வேணாமா? நாலு வரி தெலுங்குல போடு."

"எங்க நைனா தமிழ்க்காரரு," என்றாள் சுலோசனா.

"ஊரு ஆந்திராம்மா."

"யாரைக் கேட்டுகினு கோடு போட்டாங்க?"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதிலேயே முடிந்துபோன ஆந்திரா-தமிழ்நாடு எல்லைத் தகராறு அந்தக் கூடத்தில் மறுபடியும் ஆரம்பித்தது. எல்லை போட்ட வருஷம் பிறந்த முனிகிருஷ்ணன் அதைக் கவனிக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். "கூப்பிட்டாலும் திரும்பறதில்ல. சாவப்போறப்போகூட மண்டக்கனம் போவல," என்று சுலோசனா அவரையும் சேர்த்துத் திட்டினாள்.

கோவர்த்தனன் பாதி தமிழும் பாதி தெலுங்கும் போட்டான். இரண்டு பேருக்கும் ஆகவில்லை. வார்த்தையை எடுத்தான். இரண்டு பேரும் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். முனிகிருஷ்ணன் இரண்டையும் வேண்டாம் என்றார்.

இதற்குள் வேலை பழகிவிட்டது என்னவோ உண்மை. முதல் பாட்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. இப்போது சுலோசனா உலை வைத்து வடிப்பதற்குள் ஒன்று முடிந்துவிடும். வீடியோவில் பாடம் நடத்தும் ஒரு ஆள், "போட்டுக்கொண்டே இருங்கள், தானாக வரும்" என்று சொல்லியிருந்தான். கை என்னவோ தானாகத்தான் வந்தது. பாட்டு வரவில்லை. முன்பெல்லாம் தப்பு எது என்று தெரியாமல் சந்தோஷமாகப் போட்டான். இப்போது போடும்போதே தப்பு தெரிகிறது. தெரிந்த தப்பைத் திருத்தினால் அதைவிடப் பெரிய தப்பாக வருகிறது. பழகப் பழகச் சுலபமாகும் என்று சொன்னவனைக் கையில் கிடைத்தால் தறியில் பூட்டிவிடலாம் போலிருந்தது.

ஒரு நாள் வேதாச்சலம் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "பாட்டு சரியா அமைஞ்சாத்தான் பாவா கெளம்புவாரு போல கீது. நல்லதா ஒண்ணு போட்டு முடியேன்பா. அங்க என் நெல்லு காயுது."

மாமன் சொன்னதில் ஒரு பொல்லாத நியாயம் இருந்தது. சரியான பாட்டு வந்தால் நைனா போய்விடுவார். வராத வரைக்கும் இருப்பார். அன்று மத்தியானம் கோவர்த்தனன் வேண்டுமென்றே ஒரு குப்பைப் பாட்டைப் போட்டான். தாளம் ஒரு பக்கம், ராகம் ஒரு பக்கம். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே மனுஷன்.

முனிகிருஷ்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவனையே பார்த்தார். பாதியிலேயே கழற்றிவிட்டார்.

"இது வேணும்னே கெடுத்தது," என்றார். "என்னையா ஏமாத்தறே?"

கோவர்த்தனன் ஆடிப்போனான். இத்தனை வருஷம் மிக்சர் முன்னால் உட்கார்ந்த தன் காதைவிட இவர் காது பெரிய காது என்று நினைத்தான். இந்தக் காதுக்குப் பிடித்த மாதிரி போட்டால்தான் தான் பாட்டுப் போடுகிறவன், இல்லாவிட்டால் டிராக்டருக்குப் பின்னால் ஒயர் சுற்றுகிறவன்தான் என்று முடிவு செய்துகொண்டான்.

சாயங்காலமானால் துலுக்காணம் வருவார். கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு சத்தமில்லாமல் உதட்டை அசைப்பார். கையால் இரண்டு ஜாடை காட்டுவார். முனிகிருஷ்ணன் சிரிப்பார். தறிச்சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது, அதனால் ஷெட்டு ஆட்களுக்கெல்லாம் அந்தப் பழக்கம். வீட்டுக்கு வந்தாலும் விடாது. அந்தத் தெருவில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வேதாச்சலத்துக்குக் காத்திருந்து சலித்துவிட்டது. "சும்மா குந்திகினு இன்னா பண்றது, திருப்பதி மலைக்காவது போயிட்டு வர்றோம்," என்று குடும்பத்தோடு கிளம்பினார். வீடு அமைதியானது. சுலோசனா கூடத்தைப் பெருக்கி மெழுகிவிட்டுத் தூங்கப்போனாள்.

கோவர்த்தனன் லேப்டாப்பைத் திறந்தான். அன்று அவன் சாவையும் நினைக்கவில்லை, நைனாவையும் நினைக்கவில்லை. அலுத்துப்போயிருந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு ஒலியை வைத்தான், அது இன்னொன்றைக் கேட்டது, கொடுத்தான். கை போன வழியில் அவனும் போனான். எங்கேயும் நிற்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. முடிந்தபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. இதற்கா இத்தனை பாடு?

ஓடிப்போய் நைனாவின் தலையில் ஹெட்போனை மாட்டினான். முதலிலிருந்து ஓடவிட்டான். பாட்டு போகப் போக அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, வாய் சிரித்தது. முனிகிருஷ்ணன் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கேட்டார். "சுலபமா வந்துச்சா?"

"வந்துச்சு நைனா."

"நல்லா இருக்குது. இதையே போடு."

கோவர்த்தனன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் விடிவதற்குள் முனிகிருஷ்ணன் போய்விட்டார்.

செய்தி கேட்டு வேதாச்சலம் மொட்டைத் தலையோடு வந்து சேர்ந்தார். எழவு வீட்டுக்குள் பிரசாதத்தைக் கொண்டுபோகக் கூடாதென்று லட்டுப் பையை மணியம்மா வீட்டில் வைத்துவிட்டு, "கடைசியில பாட்டை முடிச்சுட்டே போல கீதே," என்றார். கோவர்த்தனன் கட்டிலடியில் இருந்த லேப்டாப்பை எடுக்கப் போனான்.

நைனாவின் ஹெட்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டே வந்தான். அதன் முனை பாய்க்கு அடியில் இருந்தது. எதிலும் மாட்டியிருக்கவில்லை.

"அக்கா, இந்த ஒயரு?"

"அதா? நேத்து பெருக்கறப்போ காலைத் தடுக்குச்சுன்னு கழட்டி அடியில சொருகினேன். ஏன்டா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பாட்டிலும் நைனாவுக்குப் பிடித்த ஒரே பாட்டு, சத்தமே வராத பாட்டு. மகன் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அவருக்கு நல்லா இருந்திருக்கிறது. பென் டிரைவுக்குக் குங்குமம் வைத்து மூலையில் உட்காரவைத்ததன் அர்த்தமும் இப்போதுதான் விளங்கியது. அழுகைகூட வரவில்லை. நெஞ்சு மரத்துவிட்டது.

பாடை எழுந்தது. முன்னால் டிராக்டர், அதில் ஆளுயரப் பெட்டிகள். வண்டிக்காரன் பாலசுந்தரம், "ஸ்டார்ட் பண்ணுண்ணா," என்றான். கோவர்த்தனன் லேப்டாப்பைத் திறந்து பாட்டை ஓடவிட்டான். பெட்டிக்குப் போகும் ஒயரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, சவுண்டு ராலேது."

"வராது. இதான் நைனா ஓகே பண்ணது. ஓட்டு."

பாலசுந்தரம் ஒரு தடவை அவனைப் பார்த்துவிட்டு கியரைப் போட்டான். வண்டி நகர்ந்தது. பொணம் போகிறது என்று வழியெல்லாம் ஷெட்டுகளில் தறியை நிறுத்தினார்கள். அந்தத் தெரு அப்படி ஒரு அமைதியைக் கேட்டதே இல்லை. பெட்டிகளில் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் மாறி மாறி எரிந்தன, சத்தம் இல்லை. ஆடலாம் என்று வந்த இளவட்டங்கள் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். அழலாமா வேண்டாமா என்று தெரியாமல் பெண்கள் வாசலில் நின்றார்கள்.

வேதாச்சலம் பல்லைக் கடித்தார். "தெலுங்கும் வேணாம் தமிழும் வேணாம், ஒரு சத்தமாவது போடக் கூடாதா? மானம் போவுதுப்பா."

சுலோசனா வாசலில் நின்றபடியே அவனைச் சபித்தாள். கோவர்த்தனன் யாரையும் பார்க்காமல் ஒயரைப் பிடித்தபடி நடந்தான். மணியம்மா மட்டும் யாரிடமோ, "பையனுக்குப் புத்தி கலங்கிச்சு," என்று சொல்வது தெருமுனை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

சுடுகாட்டு வாசலில் துலுக்காணம் அவன் தோளைத் தொட்டார். "இன்னாப்பா இது? பொட்டி ரிப்பேரா?"

"இல்ல சித்தப்பா." அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. "அவருக்கு என் பாட்டு ஒண்ணுகூடப் புடிக்கல. நேத்து நல்லா இருக்குதுன்னாரு. பாத்தா அவரு ஒயரே மாட்டல. காதுல ஒண்ணுமே வுழல. அதான் நல்லா இருந்துச்சாம்."

துலுக்காணம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே எரிக்கக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஷெட்டுப் பழக்கத்தில் முதலில் வெறும் உதட்டை அசைத்தார். அவனுக்குப் புரியாததைப் பார்த்து, மெதுவாகச் சத்தம் வைத்துச் சொன்னார்.

"ஒயரு மாட்டியிருந்தா மட்டும் வுழுந்திருக்குமா? அவனுக்குக் காது போயி எத்தினியோ வருசமாச்சு. உன் மூஞ்சியைப் பாத்துதான்டா இத்தினி நாளும் மார்க்கு போட்டுகினு இருந்தான்."