கரடியார் மோட்டாருக்குச் சந்தனம் பூசிய கதை

ஒரு காட்டில், வீட்டுக்குள்ளேயே மாவு மிஷின் வைத்துக்கொண்டு வீரணன் என்றொரு கரடியார் வாழ்ந்து வந்தார். மிஷின் பழசு. அவருடைய பகைகள் அதைவிடப் பழசு.

விடிந்தால் மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டுக் கரடிகள் முறுக்கைக் கடித்துப் பார்த்துத்தான் குடும்பத்தை எடைபோடும். இங்கேயோ, அரிசியைக் கொட்டி ஸ்விட்சைப் போட்டால் நாலு பிடி அரைபடுவதற்குள் மோட்டார் கொதித்து, தீய்ந்த நாற்றம் அடித்து நின்றுவிடுகிறது.

கரடியார் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.

"மறுபடியுமா?" என்றாள் மனைவி செம்பாயி.

"சூட்டுக்குச் சந்தனந்தாண்டி மருந்து. உடம்புக்கு ஒரு நியாயம், மோட்டாருக்கு ஒரு நியாயமா?"

ஏதோ ஓர் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டுதான் அது. சூடு ஏற ஏறப் பூச்சும் ஏறி, இப்போது மோட்டார் எது, சந்தனம் எது என்று தெரியவில்லை.

"கீரி சின்னாண்டியைக் கூப்பிடுங்க. காட்டுல அத்தனை மோட்டாரும் அவன்தானே பார்க்கிறான்."

"அவனா? நம்ம வீட்டு விருந்துல உட்கார்ந்துக்கிட்டு, பாயசத்துல ஈ கிடக்குன்னு பந்திக்கே கேட்கிற மாதிரி கத்தினவன். அவன் நிழல்கூட இந்த வாசல்ல விழக்கூடாது."

"ஈ கிடந்துச்சுல்ல?"

"கிடந்தா என்ன? எடுத்துப் போட்டுட்டுக் குடிக்கிறது!"

பொழுது சாய்ந்தது. மாவு ஆகவில்லை. செம்பாயி அவரைக் கேட்காமலே ஆள் அனுப்பினாள். கீரி வந்தது, மோட்டாரைப் பார்த்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"மாமா, இந்த ஓட்டை வழியாத்தான் இது மூச்சு விடும். நீங்க மூக்கைப் பூசி மெழுகிட்டீங்களே!"

திருப்புளியால் சந்தனத்தைப் பாளம் பாளமாகப் பெயர்த்துப் போட்டது. மிஷின் அரிசி முழுவதையும் நிற்காமல் அரைத்துத் தள்ளியது. கீரி ஒரு நல்ல வார்த்தைக்காகக் கொஞ்ச நேரம் நின்றது. கரடியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைகாப்பில் முறுக்கு அமோகம். "இந்த ஓட்டை மிஷின்லயா இவ்வளவு நைசா அரைச்சீங்க?" என்று சம்பந்தி வியந்தார். செம்பாயி அழைத்திருந்ததால் கீரியும் பந்தியில் இருந்தது. அதன் பெயரைச் சொல்லக் கரடியாருக்கு நாக்கு எழவில்லை.

"எல்லாம் சந்தன மகிமை. வருஷக்கணக்காப் பூசினேன், குளிர்ச்சி உள்ளே இறங்கிடுச்சு. சக்கையைத்தான் நேத்து எவனோ வழிச்சுப் போட்டான்."

கீரி வெடுக்கென்று எழுந்தது. அதற்குள் யானை, "எங்க கிணத்து மோட்டாரும் கொதிக்குதே, எத்தனை கிண்ணம் பூசணும்?" என்றது. மானும் முயலும், எங்களுக்கும் சொல்லுங்கள் என்று முண்டியடித்தன. கீரி யோசித்தது.

"மாமா சொல்றது சத்தியம். துளையே தெரியாத அளவுக்குத் தாராளமாப் பூசுங்க. சக்கையை வழிக்க நான் இருக்கேன்."

சபை ஆரவாரித்தது. கரடியாருக்கு மட்டும் வயிறு எரிந்தது. எதிர்த்துப் பேசியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். ஒத்துக்கொண்டு அதையும் கெடுத்துவிட்டானே என்று, கீரி மேல் இன்னொரு பகையைப் புதிதாகத் தொடங்கினார்.

நீதி: மோட்டாரின் சூட்டைத் தணியுங்கள், மனசின் சூட்டைத் தணித்துவிடாதீர்கள். அப்புறம் மெக்கானிக் எப்படிப் பிழைப்பான்?