பாட்டிலில் வந்த தவிடு

பினாங்கில் எங்கள் தெருக்காரர்கள் அந்தக் காலத்தில் பயந்தது இரண்டே பேருக்குத்தான். ஒருவர் போலீஸ் சார்ஜன்ட். இன்னொருவர் தவிட்டுக்காரர். சார்ஜன்டிடமாவது கையில் காலில் விழுந்து தப்பித்துவிடலாம்.

துறைமுகத்தில் மூட்டை நிறுக்கிற வேலை தவிட்டுக்காரருக்கு. ரப்பர் விலை படுத்து, பாதிச் சம்பளத்தில் எல்லாரும் காலம் தள்ளிய வருஷங்கள் அவை. அவர் வீட்டில் எட்டுப் பிள்ளைகள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் மூக்கொழுகிச் சுருண்டு கிடக்கும். அந்த எட்டும் தெருவையே இரண்டாக்கிக்கொண்டு ஓடும்.

ரகசியம் பசாரில் இருந்தது. எல்லாரும் வாங்கப் போவார்கள், இவர் மட்டும் தூக்கிப் போடுவதைக் கேட்டு வாங்கப் போவார். முள்ளங்கி விற்கிற சீனர் கிள்ளி எறியும் இலை, மீன் தலை, அரிசி ஆலையில் வாத்துக்கென்று விற்கிற தவிடு. ஆலை முதலாளியான சீனத் தவுக்கே ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார், "உங்கிட்ட எத்தனை வாத்துலா?"

"சின்ன வாத்து எட்டு. பெரிய வாத்து நானும் என் சம்சாரமும்."

அந்தத் தவிட்டைச் சலித்து, வறுத்து, தேங்காயும் கருப்பட்டியும் போட்டு உருண்டை பிடிப்பார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருக்கும்.

தன் வீட்டோடு நிறுத்திக்கொண்டால் நமக்கென்ன வந்தது? காலையில் தெருச் சாக்கடையைப் பார்ப்பார். கஞ்சித் தண்ணீர் வெள்ளையாக ஓடினால் தொலைந்தோம். எந்த வீட்டிலிருந்து வருகிறதென்று சாக்கடையோடு நடந்தே வந்து வாசலில் நின்று கத்துவார். "அக்கா! சத்தைச் சாக்கடைக்கு ஊத்திட்டுச் சக்கையப் புள்ளைக்குப் போடுறீங்களே, அடுக்குமா?"

ஒரு கல்யாணத்தில் சமையல்கட்டுக்குள் புகுந்து, குப்பைக்குப் போகவிருந்த வாழைக்காய்த் தோலையும் பரங்கித் தோலையும் அள்ளித் துவையல் அரைத்துப் பந்தியில் வைத்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்ன துவையல் என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டார். இவருக்கோ பொய் சொல்ல வராது. நல்லவேளை, தாலி கட்டியாகிவிட்டது.

அப்போதுதான் எனக்கு ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து. கூலிக்காரர்கள் தின்கிற புழுங்கலரிசி இனி என் வீட்டு உலையில் வேகக்கூடாது என்று, பளபளவென்று தீட்டிய சயாம் அரிசி வாங்கிப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"சட்டை வெள்ளையா இருக்கட்டும் தம்பி, சோறு எதுக்கு?" என்றார் தவிட்டுக்காரர்.

"உங்க வேலையப் பாருங்கண்ணே" என்றேன்.

என் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் மாமியார் பத்தியம் போட்டார். கீரை ஆகாது, பருப்பு ஆகாது, மீன் ஆகவே ஆகாது. அந்த வெள்ளைச் சோறும் மிளகு ரசமும்தான். இரண்டு மாதத்தில் மனைவிக்குக் கால் வீங்கி, எழுந்து நிற்க முடியவில்லை. குழந்தை பாலைக் கக்கியது. அழுதால் வாய் திறக்கும், சத்தம் வராது. சமத்துப் பிள்ளை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம், பாவிகள்.

அந்தப் பக்கமாகப் போன தவிட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவர் கத்தவில்லை.

"தம்பி, புள்ள அழுவுது. சத்தம் எங்க?"

"பிரசவ வீட்டுல ஆம்பளைக்கு என்ன வேலை?" என்று சீறினார் மாமியார்.

"என் மூத்த பொண்ணும் இப்படித்தாம்மா அழுதா. எனக்கும் அப்பத் தெரியல. பெத்தது ஒம்பது, இருக்கிறது எட்டு."

மாமியார் வழி விட்டார். ரிக்‌ஷாவுக்கு ஓடியவரும் தவிட்டுக்காரர்தான். தாயையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டு, ஆஸ்பத்திரிவரை கூடவே ஓடி வந்தவரும் அவர்தான்.

"தீட்டின அரிசிதான் காரணம். தாய் உடம்புல சத்தில்ல, பால்லயும் இல்ல. புள்ளைக்குக் குரல் போனதும் அதாலதான்" என்றார் டாக்டர். தாய்க்குப் பத்தியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, குழந்தைக்கு ஒரு சின்னப் பாட்டில் கொடுத்தார்.

"இது என்ன மருந்துங்க ஐயா?" என்று கேட்டார் தவிட்டுக்காரர்.

"தவிட்டுச் சாறு."

அவ்வளவுதான். பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "கேட்டுக்கிட்டியா தம்பி! பாட்டில்ல வந்தா மருந்து, சாக்குல வந்தா வாத்துத் தீனி!" என்று அவர் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து முள்ளங்கி இலைப் பொரியலும் தவிட்டு உருண்டையும் அவர் வீட்டிலிருந்து தினமும் வந்தன. மாமியாரே மகளுக்கு ஊட்டிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது தவிட்டுக்காரர் வாசலில் நின்றார். உள்ளே குழந்தை பசியில் வீறிட்டது. "யாராச்சும் அந்தப் புள்ளையத் தூக்குங்களேன்!" என்று பக்கத்து வீட்டில் கத்தினார்கள். என் மனைவி எழுந்தாள்.

"இரும்மா, கொஞ்சம் அழட்டும்" என்றார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கஞ்சி போட்ட கிராணிச் சட்டை கசங்கினால் கசங்கட்டும் என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பெற்ற அப்பாவைக்கூட நான் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை.